சன்னி லிஸ்டன்: வாசலில் சேர்ந்துபோன பால் பாட்டில்கள்

1. தெற்குவாசல்

ராத்திரி தூக்கம் வராம, லிஸ்டன் - அலி ரெண்டாவது சண்டை வீடியோவை நாலஞ்சு தடவை ஓட்டிப் பார்த்தேன். அங்கிருந்து அந்த மனுஷன் செத்த கதைக்குப் போயிட்டேன். அதைப் பத்திப் பேசத்தான் இந்த இழை.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: சார்லஸ் "சன்னி" லிஸ்டன். 1962 செப்டம்பர் 25, சிகாகோ கோமிஸ்கி பார்க். ஃப்ளாய்ட் பாட்டர்சனை முதல் ரவுண்டுல 2 நிமிஷம் 6 விநாடியில சாய்ச்சு உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் ஜூலையில லாஸ் வேகாஸ்ல மறுசண்டை. பாட்டர்சன் அதைவிட 4 விநாடி கூட நின்னார், அவ்வளவுதான். 1964 பிப்ரவரியில மயாமி பீச்சுல பின்னாடி முகமது அலின்னு பேர் மாத்திக்கிட்ட கேஷியஸ் க்ளேகிட்ட பட்டத்தை விட்டார். 1971 ஜனவரி 5 ராத்திரி, விடுமுறைக்கு செயின்ட் லூயிஸ் போயிருந்த மனைவி ஜெரால்டின் லாஸ் வேகாஸ் வீட்டுக்குத் திரும்பி வர்றாங்க. வாசல்ல பால் பாட்டிலும் பேப்பரும் சேர்ந்து கிடக்கு. உள்ளே கட்டில்கிட்ட புருஷன் பிணமா இருக்கார், ஊதிப்போய்.

எப்போ செத்தார்? எடுக்காம கிடந்த பாலையும் பேப்பரையும் எண்ணிப் பார்த்துத்தான் 1970 டிசம்பர் 30-னு போலீஸ் ஒரு தேதி போட்டது. உலக சாம்பியனா இருந்த ஆளோட திவச நாளை பால்காரன் கணக்கு வச்சுதான் குறிக்க வேண்டியிருந்திருக்கு. யார் கொன்னாங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க. எனக்கு அதைவிட, ஆறு நாளா ஒருத்தன் கூட ஏன் கதவைத் தட்டலைங்கிறதுதான் மண்டையைக் குடையுது.

2. சந்தேகசாமி

தட்டலைன்னு யார் சொன்னது? தட்டினவன்தான் கொன்னுட்டுப் போயிருப்பான் :)

சமையலறையில பலூன்ல கட்டின ஹெராயின், கால் அவுன்ஸ். பேண்ட் பாக்கெட்ல கஞ்சா. கையில ஊசி குத்தின தழும்பு. ஆனா வீடு பூரா தேடியும் சிரிஞ்சைக் காணோம். ஊசி போட்டுக்கிட்டுச் செத்தவன் எழுந்து போய் சிரிஞ்சைக் குப்பையில போட்டுட்டு வந்து மறுபடி செத்தானா? அதோட, லிஸ்டனுக்கு ஊசின்னாலே உயிர் போயிடும், டாக்டர்கிட்டயே போட்டுக்க மாட்டார்னு கூடப் பழகினவங்க சொல்லியிருக்காங்க.

கேஸ் முடிஞ்சுது. கொலை.

3. வார்டு_அக்கா

தம்பி, இவ்வளவு சீக்கிரம் கேஸை முடிக்காதீங்க. நான் இருபத்திரண்டு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில இருந்தவ. ஆறேழு நாள் பூட்டின வீட்டுக்குள்ள கிடந்த உடம்புல தோல் உரியும், நிறம் மாறும். அதுல இது ஊசித் தழும்பு, இது இல்லைன்னு அடிச்சுச் சொல்றது லேசில்லை.

ரத்தத்துல மார்ஃபினும் கோடீனும் இருந்தது உண்மைதான். ஹெராயின் உடம்புக்குள்ள போனா உடைஞ்சு மார்ஃபின் ஆகும். ஆனா இருந்த அளவு ஆளைக் கொல்றதுக்குப் பத்தாதுன்னு சொல்லிட்டாங்க. நுரையீரல்ல நீர்கோப்பு, இதயம் நின்னது, இயற்கை மரணம்னு கொரோனர், அதாவது சாவை விசாரிக்கிற அதிகாரி, எழுதினார். நாளான உடம்புல மருந்தோட அளவும் நம்பறதுக்கில்லை, அதையும் சேர்த்துச் சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் வாயை மூடிக்க வேண்டிய நிலைமைதான்.

இன்னொண்ணு. அந்த நவம்பர்ல அவருக்கு கார் விபத்து ஆகி ஆஸ்பத்திரியில இருந்திருக்கார். அங்க நரம்புல ஏத்தியிருக்க மாட்டாங்களா? ஊசிக்குப் பயந்தவங்களுக்கும் ஏத்தத்தான் செய்வோம். கையை நான் பிடிச்சுக்குவேன், டாக்டர் ஏத்துவார்.

4. பழையபேப்பர்

நல்ல இழை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெற்குவாசலார் இறந்த தேதியைப் பற்றிச் சொன்னார். பிறந்த தேதியும் அப்படியேதான். ஆர்கன்சாவில் சாண்ட் ஸ்லூ என்ற இடம். பருத்திக்காடு. நிலம் வேறொருவருடையது, விளைச்சலில் பங்கு. நம் ஊர் வாரச் சாகுபடி மாதிரி, ஆனால் கடன் தீரவே தீராது. தகப்பனார் டோப் லிஸ்டனுக்கு இரண்டு தாரத்திலுமாகப் பிள்ளைகள் 25 என்பார்கள். பிறப்புச் சான்றிதழ் யார் எடுத்தார்கள்? 1932 மே 8 என்று லிஸ்டன் சொல்லிக்கொண்டார். 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது 10 என்று இருக்கிறது. அப்படியானால் கிளேயிடம் தோற்றபோது 31 அல்ல, 33 அல்லது 34. குத்துச்சண்டைக்காரனுக்கு அந்த இரண்டு மூன்று வருடம் சின்ன விஷயமா?

அப்பா தனக்குக் கொடுத்த ஒரே சொத்து அடிதான் என்று லிஸ்டனே சொல்லியிருக்கிறார். முதுகுத் தழும்பு கடைசி வரை மறையவில்லை. 1946-இல் தாயார் ஹெலன் புருஷனை விட்டுவிட்டு வேலை தேடி செயின்ட் லூயிஸ் போய்விட்டார். பையன் மச்சானின் மரத்தில் பீக்கன் கொட்டையை உலுக்கி விற்று ரயில் காசு சேர்த்து, அம்மாவைத் தேடிப் போனான். போன இடத்தில் படிப்பு ஏறவில்லை, எழுதப் படிக்கக் கடைசி வரை வரவில்லை. பள்ளிக்குப் போனால் தோளளவு சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். வழிப்பறிக்குப் போனான். எப்போது பார்த்தாலும் ஒரே மஞ்சள் சட்டை, போலீஸ் "மஞ்சள் சட்டைக் கொள்ளைக்காரன்" என்றே பெயர் வைத்தது. மாற்றுச் சட்டை இல்லாத திருடன், அதனால்தான் மாட்டினான் என்று எனக்குத் தோன்றும்.

1950 ஜூனில் ஜெஃபர்சன் சிட்டி சிறை. ஐந்து வருடத் தண்டனை. சிறையைப் பற்றி அவர் குறை சொன்னதே இல்லை, மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்ததே என்பார். அங்கே அலாய்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார்தான் கையுறை மாட்டிவிட்டார். 1952 அக்டோபர் கடைசியில் பரோல்.

5. ரிங்_ஓரம்

பழையபேப்பர் ஐயா, அருமை. நான் பத்து வருஷம் கிளவுஸ் மாட்னவன், அதனால ஆட்டத்தைப் பத்தி மட்டும் பேசிட்டுப் போறேன்.

லிஸ்டன் ஆளு 6 அடி 1 அங்குலம்தான். ஆனா ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம், ரீச்னு சொல்வோம், அது 84 அங்குலம், அதாவது 7 அடி. முஷ்டி சுத்தளவு 15 அங்குலம், கிளவுஸே தனியா தைக்கணும். ஜாப்னா முன்னாடி நிக்கிற கையால நேரா விடற குத்து, அந்தாளு ஜாப் மத்தவங்க ஜாப் மாதிரி கிடையாது. நாமல்லாம் ஜாப்பை வழி பாக்கறதுக்குப் போடுவோம், தூரம் அளக்கிற கம்பு மாதிரி. அவரு ஜாப்பாலேயே மூக்கை உடைப்பாரு. ஜெயில்லேருந்து வந்து அஞ்சாறு மாசத்துல கோல்டன் கிளவுஸ்ங்கிற அமெச்சூர் போட்டியில 1952 ஒலிம்பிக் தங்கம் எட் சாண்டர்ஸையே அடிச்சாரு. புரொஃபஷனலா முதல் மேட்ச் 33 விநாடி! மொத்தம் 54 மேட்ச், 50 ஜெயிப்பு, அதுல 39 நாக் அவுட்.

இன்னா கணக்குன்னா, அந்த நாலு தோல்வியில ரெண்டைத்தான் ஜனம் ஞாபகம் வச்சிருக்கு. ரெண்டும் அலி கூட. முதல் தோல்வி 1954-ல மார்ட்டி மார்ஷல். தாடை உடைஞ்சுபோச்சு, அப்படியே கடைசி ரவுண்டு வரைக்கும் நின்னாரு. இதை மனசுல வச்சுக்கங்க. மயாமியில ஸ்டூல்லேருந்து எழுந்திருக்கலைன்னு கோழைப் பட்டம் கட்றாங்களே, அதே ஆளுதான் இது.

6. சந்தேகசாமி

அதையேதான் நானும் சொல்றேன் அண்ணே! தாடை உடைஞ்சும் நின்ன ஆளு, தோள் வலிக்குதுன்னு ஏழாவது ரவுண்டுக்கு எழுந்திருக்க மாட்டாராம். நம்புற மாதிரியா இருக்கு? லிஸ்டன் பக்கம் பெட்டிங் 7-க்கு 1. லிஸ்டனுக்கும் பங்கு இருந்த ப்ரமோஷன் கம்பெனி, சண்டைக்கு முன்னாடியே க்ளேயோட அடுத்த மேட்ச் உரிமையை 50,000 டாலருக்கு வாங்கி வச்சிருந்துது. தோக்கப்போறவனோட அடுத்த மேட்சை எவனாவது காசு குடுத்து வாங்குவானா? 2014-ல வெளிவந்த எஃப்.பி.ஐ. குறிப்புலயும் இந்த மேட்ச் மேல சந்தேகம் பதிவாகியிருக்கு.

7. ரிங்_ஓரம்

தாடை வேற, தோள் வேற தம்பி. தாடை உடைஞ்சா வாயை மூடிக்கினு ஆடலாம். ஜாப் போடற கையோட தோள் போச்சுன்னா ஆட்டமே இல்ல. எனக்கு ஒரு தபா தோள்பட்டை நார் கிழிஞ்சு, சட்டை மாட்ட என் பொண்டாட்டி வரணும், மூணு மாசம். லிஸ்டனுக்கு இடது தோள்ல கிழிவும் உள்ளே ரத்தக்கட்டும் இருக்குன்னு அன்னிக்கே டாக்டருங்க பார்த்துச் சொன்னாங்க. ஆறு ரவுண்டு முடிஞ்சப்ப மூணு பேரு போட்ட மார்க்கையும் கூட்டினா சமம். ஒருத்தர் க்ளே முன்னாடின்னாரு, ஒருத்தர் லிஸ்டன், ஒருத்தர் சரிசமம். தோக்கறதுக்குக் காசு வாங்கினவன் அப்படி ஆடுவானா?

அதோட நாலாவது ரவுண்டு முடிஞ்சு க்ளே கண்ணு எரியுதுன்னு கத்தினாரே, கிளவுஸை அறுத்துப் போடுன்னு மூலையில நின்னு அலறினாரே. லிஸ்டன் காயத்துக்குப் பூசின மருந்துதான் க்ளே கண்ணுல பட்டுதுன்னு பேச்சு. தோக்க ஒத்துக்கினவன் பக்கத்துலேருந்து அது ஏன் நடக்கணும்? மயாமி நெசம்னுதான் நான் சொல்வேன்.

ரெண்டாவது மேட்ச் நடந்த லூயிஸ்டன் பத்தி மட்டும் என்னைக் கேக்காதீங்க.

8. தெற்குவாசல்

கேட்பேனே! நேத்து பார்த்ததே அதைத்தானே.

1965 மே 25, மெய்ன் மாநிலத்துல லூயிஸ்டன்கிற சின்ன ஊர், பசங்க ஐஸ் ஹாக்கி ஆடுற ஒரு அரங்கம். பாஸ்டன்ல நடக்க வேண்டியது, முதல்ல அலிக்கு ஹெர்னியா ஆபரேஷன்னு தள்ளிப்போச்சு, அப்புறம் பாஸ்டன்காரங்க தாதா சகவாசம்னு கையை உதறிட்டாங்க. உள்ளே வந்த ஜனம் 2,434. நம்ம ஊர்ல ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு இதைவிடக் கூட்டம் வரும்.

முதல் ரவுண்டு. லிஸ்டன் இடது கையை விடுறார், அலி பின்னால சாய்ஞ்சு மேலேருந்து ஒரு வலது. தலை லேசாத் திரும்புது. தூண் மாதிரி இருந்த ஆள் விழறார். கால் ஊன்றி எழப் பார்த்து மறுபடி மல்லாக்கப் புரள்றார். அந்தப் புரள்றதைத்தான் ஃப்ரேம் ஃப்ரேமா பார்த்தேன். அடி விழுந்தது உண்மை. அதுக்கு இவ்வளவு பெரிய ஆள் விழணுமாங்கிறதுதான் கேள்வி.

நடுவர் ஜெர்ஸி ஜோ வால்காட், அவரும் பழைய சாம்பியன்தான். அலியை மூலைக்குப் போகச் சொல்லித் துரத்துறதிலேயே இருந்துட்டார், எண்ணவே இல்லை. லிஸ்டன் எழுந்து, ரெண்டு பேரும் மறுபடி அடிச்சுக்க ஆரம்பிச்சாச்சு. அதுக்கப்புறம் ரிங்குக்கு வெளியே உக்காந்திருந்த பத்திரிகைக்காரர் நாட் ஃப்ளெய்ஷர், பத்து எண்ணி முடிஞ்சுதுன்னு கத்துறார். வால்காட் ஓடிப்போய் நிறுத்துறார். அலி கீழே கிடக்கிற லிஸ்டனைப் பார்த்து "எழுந்திருடா"ன்னு கத்துற நீல் லீஃபர் ஃபோட்டோ எல்லா ஜிம் சுவத்துலயும் இருக்கு. அந்தப் படத்துல கீழே கிடக்கிற ஆளோட பேரை எத்தனை பேர் சொல்லுவாங்க?

9. ரிங்_ஓரம்

சரி, சொல்லிடறேன். அந்த அடி மூளையைக் கலக்கியிருக்கலாம். வர்றது தெரியாம படற அடி சின்னதா இருந்தாலும் ஆளைச் சாய்க்கும். ஆனா எழுந்திருச்ச விதம் இருக்கு பாருங்க, அது அடிபட்டவன் எழற மாதிரி இல்ல. எழறதா வேணாமான்னு யோசிக்கிறவன் மாதிரி இருக்கு. முன்னாடியே பேசி வச்சாங்கன்னு சொல்ல மாட்டேன். விழுந்தப்புறம் போதும்னு தோணியிருக்கும்.

10. ஸ்கார்பரோ_மச்சான்

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு அண்ணை. அந்த வருசம் பெப்ரவரியிலதான் கறுப்பின முஸ்லிம் தலைவர் மால்கம் எக்ஸைச் சுட்டவை. அவர் விட்டுப் பிரிஞ்ச இயக்கத்திலதான் அலி இருந்தவர். அவற்ற ஆக்கள் பழிவாங்க அலியைச் சுட வருவினம் எண்டு ஊரெல்லாம் கதை. வாசல்ல பொலிஸ் ஆக்களைத் தடவித் தடவித்தான் உள்ளுக்கு விட்டது. அலிக்குப் பாயுற குண்டு தனக்குப் படுமோ எண்ட பயம் லிஸ்டனுக்கு இருந்திருக்காதா? அதை யோசிச்சுக்கொண்டு ரிங்குக்க நிண்டால் எனக்கும் எழும்ப மனம் வராது.

11. சும்மா_பாத்தேன்

புதுசு நான். ஒரு சந்தேகம். தாதா தாதான்னு சொல்றீங்க, ஒரு பாக்ஸருக்கு அவங்ககிட்ட என்ன வேலை?

12. பழையபேப்பர்

நல்ல கேள்வி தம்பி. அந்தக் காலத்தில் அமெரிக்கக் குத்துச்சண்டையே ஃப்ராங்கி கார்போ, ப்ளிங்கி பாலெர்மோ என்ற இரண்டு தாதாக்கள் கையில் இருந்தது. யார் யாரோடு மோதுவது, பட்டத்துக்கு யாரை விடுவது எல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். சிறையிலிருந்து வந்த, கையெழுத்தைத் தவிர எதுவும் எழுதத் தெரியாத ஒருவன் அங்கே யாரிடம் போவான்? செயின்ட் லூயிஸ் தாதா ஜான் விட்டாலே வழியாக அவர்களிடம் போனார். சண்டை இல்லாத நாட்களில் அவர்களுக்காகத் தொழிற்சங்கக்காரர்களை மிரட்டும் வேலையும் பார்த்தார். 1960 டிசம்பரில் செனட் விசாரணைக்கே கூப்பிட்டுக் கேட்டார்கள்.

அவர் ஒன்றும் பரிசுத்தர் அல்ல. 1956-இல் ஒரு போலீஸ்காரரின் முழங்காலை உடைத்துத் துப்பாக்கியையும் பறித்துக்கொண்டார். அதற்கு ஒன்பது மாதத் தண்டனை. அடுத்த வருடம் முழுக்க ரிங்கில் ஏறவில்லை. அதன் பிறகு தெருவில் நடந்தாலே பிடித்தார்கள் என்பதும் உண்மை. 1962-இல் நியூயார்க் லைசென்ஸ் தர மறுத்தது. இவனோடு மோத வேண்டாம் என்று பாட்டர்சனிடம் கென்னடியே சொன்னார். கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய தலைவர்களும் அதையேதான் சொன்னார்கள், நம் பெயர் கெட்டுவிடும் என்று.

13. தெற்குவாசல்

ஐயா அதைச் சொன்னதால இதை எழுதியே ஆகணும். இந்த இழையே இதுக்காகத்தான் ஆரம்பிச்சேன்னு கூட வச்சுக்கங்க.

பாட்டர்சனை ஜெயிச்சுட்டு லிஸ்டன் சிகாகோவிலிருந்து அப்போ குடியிருந்த ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானத்துல வர்றார். பக்கத்து சீட்டுல ஜாக் மெக்கின்னின்னு ஒரு பத்திரிகைக்கார நண்பர். ஏர்போர்ட்ல கூட்டம் காத்திருக்கும்னு லிஸ்டனுக்கு நம்பிக்கை. என்ன பேசணும்னு வழி முழுக்க மெக்கின்னிகிட்ட சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிறார். நான் நல்ல சாம்பியனா இருப்பேன், நம்ம ஜனம் என்னால தலைகுனிய வேண்டியிருக்காது, இந்த மாதிரி. படிக்கத் தெரியாதவர், அதனால எல்லாம் மனப்பாடம்.

கதவு திறக்குது. டையைச் சரி பண்ணிக்கிட்டு படிக்கட்டு உச்சியில வந்து நிக்கிறார். கீழே ஏர்லைன் வேலைக்காரங்க, கொஞ்சம் பத்திரிகைக்காரங்க. வேற ஈ காக்கா இல்லை. தொண்டைக்குழி ஏறி இறங்கினதையும், தோள் தொங்கினதையும் பக்கத்துல நின்ன மெக்கின்னி பார்த்திருக்கார். கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, தோளை நிமிர்த்திக்கிட்டு இறங்கிப் போயிட்டாராம்.

தோத்த பாட்டர்சன் வெட்கத்துல ஒட்டுத்தாடி வச்சுக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா கார்ல ஊரைவிட்டுப் போனார். ஜெயிச்சவருக்கு ஒட்டுத்தாடிக்கும் தேவை இல்லை, பாக்கவே ஆள் வரலையே.

அப்புறம் டென்வருக்குக் குடிபோனார். ஃபிலடெல்ஃபியாவுல மேயரா இருக்கிறதைவிட டென்வர்ல விளக்குக்கம்பமா இருப்பேன்னு ஒரு பேச்சு, அது அவர் சொன்னதுதான்.

14. வார்டு_அக்கா

இதைப் படிச்சுட்டு ஒரு வாய் காபி இறங்கலை தம்பி.

15. சந்தேகசாமி

எல்லாம் சரி, ஆனா சாவுக்கு வாங்க. 1970 ஜூன் 29, ஜெர்ஸி சிட்டியில சக் வெப்னர் கூட கடைசி மேட்ச். வெப்னர் முகத்துல 72 தையல். அந்த மேட்ச்ல லிஸ்டன் தோக்கணும்னு மேலிடத்து உத்தரவு இருந்துது, மீறி ஜெயிச்சதால ஆறு மாசத்துல தீர்த்துட்டாங்கன்னு ஒரு கதை. வேகாஸ்ல போதைமருந்து விக்கிறவங்களோட சேர்ந்தார், காட்டிக்குடுப்பார்னு பயந்து முடிச்சாங்கன்னு இன்னொரு கதை. கந்துவட்டிக்காரனுக்கு வசூல் பண்ணப் போய் தகராறுன்னு மூணாவது. அலி மேட்ச் ரகசியத்தை விக்கப் பார்த்தார்னு நாலாவது. ஜெரால்டின் பிணத்தைப் பார்த்ததும் போலீசைக் கூப்பிடாம வேற ஆளுங்களுக்குத்தான் ஃபோன் பண்ணாங்க, போலீஸ் வர மணிக்கணக்காச்சுன்னும் சொல்றாங்க. இத்தனையும் சும்மாவா?

16. வார்டு_அக்கா

நாலு கதை இருக்குன்னா அதுல குறைஞ்சது மூணு பொய்யா இருக்கணும் இல்லையா? :)

ஜெரால்டின் விஷயம் மட்டும் சொல்றேன். ஏழு வயசுப் பையனோட வீட்டுக்குள்ள நுழையிற பொம்பளை. உள்ளே அந்த நாத்தம், புருஷன் அந்தக் கோலம். வீட்டுல என்னென்ன இருக்கும்னும் தெரிஞ்சிருக்கும். முதல்ல வக்கீலையோ தெரிஞ்ச டாக்டரையோ கூப்பிடத்தான் கை போகும். ஆயுசு பூரா போலீசாலயே சீரழிஞ்ச குடும்பம் அது. சிரிஞ்ச் எங்கே போச்சுன்னு கேட்டீங்களே, புருஷன் பேரு நாளைக்குப் பேப்பர்ல எப்படி வரும்னு யோசிச்ச யாராவது எடுத்து எறிஞ்சிருந்தா? அப்படித்தான் நடந்ததுன்னு நான் சொல்லலை. கொலைகாரன் மட்டும்தான் சிரிஞ்சை எடுப்பான்னு இல்லைன்னு சொல்றேன்.

17. ரிங்_ஓரம்

அக்கா கரீட்டு.

18. சந்தேகசாமி

அக்கா சொன்னதுக்கு உடனே பதில் இல்லை. ஆனா கொலை இல்லைன்னு ஒத்துக்கமாட்டேன், முப்பது சதவீதம் இறங்கி வர்றேன்.

19. பழையபேப்பர்

ஒரு செய்தி விட்டுப்போயிற்று. 1963 செப்டம்பரில் லிஸ்டன் பிரிட்டனில் சுற்றுப்பயணம் போயிருந்தார். அங்கே ஜனம் அவரைக் கொண்டாடியது, கிளாஸ்கோவில் பேக்பைப் எல்லாம் வாசித்தார். அந்தச் சமயத்தில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு கறுப்பினச் சிறுமிகளைக் கொன்றார்கள். பயணத்தை முறித்துக்கொண்டு வந்துவிட்டார். அமெரிக்காவில் இருப்பதற்கே வெட்கமாக இருக்கிறது என்றார். அந்த டிசம்பரில் ஒரு பத்திரிகை அவருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லா மாட்டி அட்டைப்படம் போட்டது. விளம்பரதாரர்கள் கோபித்துக்கொண்டு விலகினார்கள். முறைப்பதை மட்டும் விற்றுக்கொண்டிருந்த முகத்துக்குக் குல்லா பொருந்தவில்லை போலும்.

20. ஸ்கார்பரோ_மச்சான்

நான் வேலை விசயமா வேகாஸ் போனபோது அவற்ற கல்லறையைப் பாத்தனான். பாரடைஸ் மெமோரியல் கார்டன்ஸ். நிமிந்து நிக்கிற கல் இல்லை, புல்லோட புல்லாத் தரையில பதிச்ச தகடுதான். பேர், 1932 - 1970, கீழ "ஒரு மனிதன்" எண்டு மட்டும் எழுதியிருக்கு. கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிசம் போச்சு, வேலைக்காரப் பெடியனைக் கேட்டுத்தான் போனனான். வெயில் எண்டால் அப்பிடி ஒரு வெயில்.

செத்தவீட்டு ஊர்வலம் ஸ்ட்ரிப் எண்ட வேகாஸ் சூதாட்டத் தெரு வழியாத்தான் போனதாம். சூதாடிக்கொண்டு நிண்ட சனம் அப்பிடியே வெளியில வந்து பாத்ததெண்டு சொல்லுவினம். அண்டைக்கு வாசல் முழுக்க ஆக்கள்.

கல்லறை விமான நிலையத்துக்குப் பக்கத்திலதான். நிண்ட பத்து நிமிசத்தில நாலு பிளேன் தலைக்கு மேலால இறங்கிச்சு. ரெலிபோனில அம்மா கூப்பிட்டவ, சத்தத்தில ஒண்டும் விளங்கேல்லை.

21. தெற்குவாசல்

மச்சான், அந்தத் தகட்டை ஃபோட்டோ எடுத்திருந்தா இங்க போடுங்களேன்.

22. ஸ்கார்பரோ_மச்சான்

எடுத்தனான் அண்ணை. என்ர நிழல் விழுந்து, "ஒரு" வடிவாத் தெரியேல்லை. பின்னேரம் ஏத்திவிடுறன்.